பானட்டைத் திறந்தால் பேட்டரியைக் காணோம்

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பண்ருட்டி தாண்டி இருக்கும் குடும்ப முந்திரித் தோப்புக்குப் போய்வரப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று வாங்கப் பார்க்கிறாராம். இரண்டு வண்டி பார்த்தாகிவிட்டது. ஒன்றில் பானட்டைத் திறந்தால் பேட்டரியே இல்லை. முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்றார்கள். இன்னொன்றில் இரண்டு பேட்டரி, அதில் ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை. "அண்ணே, மண்ணுக்கும் மணலுக்கும் போகிற வண்டியில் ஏன் இப்படி ஒளித்து வைக்கிறார்கள்? மழைத் தண்ணீர் ஏறினால் எது தாங்கும்? வாங்கிய பிறகு இடத்தை மாற்றிக்கொள்ளலாமா?" என்பது கேள்வி.

புதுச்சேரியில் 22 வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி எந்த இடத்தில் இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் வண்டியில் துளி கரண்ட் இல்லாத நேரத்தில், உங்கள் கையில் இருக்கும் சாவியையும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானரையும் வைத்துக்கொண்டு அந்த பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற முடிய வேண்டும். அது முடியாத வண்டி தோப்புக்கு ஆகாது.

ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். மஹிந்திரா நிறுவனம் 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பாகங்களைப் பூட்டி உருவாக்க ஆரம்பித்த காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் வரை, பானட்டுக்குள் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் கை விட்டுத் துழாவும் அளவுக்கு இடம் இருந்தது. பேட்டரியை ஒரு தட்டில் வைத்து, மேலே ஒரு இரும்புச் சட்டம் போட்டு முறுக்கினால் வேலை முடிந்தது. இன்றைக்கு அதே இடத்தில் டர்போ, இன்டர்கூலர் குழாய்கள், ஏ.பி.எஸ். யூனிட், பெரிய ஃபியூஸ் பாக்ஸ், மோதினால் நசுங்குவதற்கென்றே விட்ட இடம் எல்லாம் வந்துவிட்டன. 20 கிலோ எடையுள்ள ஒரு பெட்டியை வேறு எங்காவது தள்ளினால், வடிவமைப்பவருக்கு இடமும் கிடைக்கிறது, முன்பக்க பாரமும் குறைகிறது.

சூடும் ஒரு காரணம். லெட் ஆசிட் பேட்டரி தொடர்ந்து இருக்கும் சூட்டில் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கத்திரி வெயிலில் கடலூரிலிருந்து நெய்வேலி வரை ஓட்டிவிட்டு பானட்டைத் திறந்து பேட்டரி மேல் கை வைத்துப் பாருங்கள், புரியும். சீட்டுக்கு அடியில் ஏ.சி. காற்றில் இருக்கும் பேட்டரிக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த வகையில் சீட்டுக்கு அடியில் வைப்பது கெட்ட யோசனையே கிடையாது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரிலும் பேட்டரி முன் சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. ஃபோக்ஸ்வாகன் டுவாரெக், 2010-க்குப் பிறகு வந்த தலைமுறை ஜீப் கிராண்ட் செரோக்கி ஆகியவையும் அப்படித்தான். பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 5-ல் பின்னால், டிக்கிக்குள். நம் ஊரில் அதிகம் ஓடும் தார், கூர்க்கா, ஜிம்னி, ஃபார்ச்சூனர், இசுசு வி-கிராஸ் எல்லாவற்றிலும் பானட்டுக்குள்தான்.

பேட்டரி தள்ளிப் போகும்போது கூடவே மூன்று சிக்கல் வரும். கேபிள் நீளமாகும், செல்ஃப் எடுக்கும் நேரத்தில் ஒரு டீசல் இன்ஜின் சில நூறு ஆம்பியர் இழுக்கும், அதனால் நீளம் கூடினால் கேபிளும் தடித்தாக வேண்டும். பேட்டரி விடும் வாயு வெளியே போக வழி வேண்டும். கை எட்டுவதற்கு வழி வேண்டும். முதலாவதை கம்பெனிக்காரர்கள் சரியாகவே செய்துவிடுகிறார்கள். மற்ற இரண்டில்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம்.

எனக்கு இதை நன்றாகப் புரியவைத்தது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே அது கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை நெருங்கிய மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது நினைவிருக்கும். தண்ணீர் வடிந்ததும் ரெயின்போ நகரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். வெளிநாட்டு கம்பெனியின் பெரிய எஸ்.யு.வி. வண்டி. தண்ணீர் கதவுப் படிக்கு மேல் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. இன்ஜினுக்குள் போகவில்லை, ஏர் ஃபில்டர் காய்ந்தே இருந்தது. ஆனால் வண்டியில் ஒரு விளக்கு கூட எரியவில்லை.

பேட்டரி முன் சீட்டுக்கு அடியில். அதை எடுக்க சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, பின்பக்க போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டைச் சாய்க்க வேண்டும். சீட்டோ மோட்டாரில் நகர்வது. பேட்டரி செத்ததால் சீட் நகராது. சீட் நகராததால் பேட்டரியைத் தொட முடியாது. நான் அங்கே சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்தேன்.

இப்படிப்பட்ட வண்டிகளில் பானட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு ப்ளஸ் முனையும், பக்கத்தில் ஒரு எர்த் போல்ட்டும் கொடுத்திருப்பார்கள். ஜம்பர் கேபிள் மாட்டுவதற்காக. அதில் வேறு பேட்டரியை மாட்டினால் சீட் நகர்ந்திருக்கும்தான். ஆனால் கார்ப்பெட் முழுக்க நனைந்து, அதற்கு அடியில் இருக்கும் கனெக்டர்கள் தண்ணீரில் கிடக்கும்போது வண்டி முழுக்கக் கரண்ட் விட்டால், பிழைத்திருக்கும் எலக்ட்ரானிக் யூனிட்டுகளும் போய்விடும். ஆகவே சீட்டின் பக்கவாட்டு பிளாஸ்டிக்கை மட்டும் நெம்பி எடுத்து, முன்னும் பின்னும் நகர்த்தும் மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரைக் கண்டுபிடித்து, கனெக்டரைக் கழற்றி, ஒரு பைக் பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுத்தேன். சீட் நகர்ந்தது. (சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக்குக்கு உரியது. அதில் டெஸ்ட் லேம்ப் கூட வைக்கக் கூடாது.)

மூடியைத் திறந்தபோது பேட்டரிக் குழியில் இரண்டு அங்குலத்துக்குச் செந்நிறத் தண்ணீர் நின்றது. மைனஸ் முனையில் இருக்கும் சென்ஸார் பச்சை பூத்திருந்தது. இன்னொன்றையும் பார்த்தேன். வாயு வெளியே போகும் ரப்பர் குழாய் பேட்டரியில் செருகப்படாமல் ஓரமாகக் கிடந்தது. இதற்கு முன் பேட்டரி மாற்றிக் கொடுத்தவர் குழாயைச் செருகாமலே மூடியிருக்கிறார். எத்தனை நாளாக அந்த வண்டி அப்படி ஓடியதோ. குழந்தைகள் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்வந்த வண்டி அது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் என்று சொல்கிறேன். சார்ஜ் ஏறும்போது லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பானட்டுக்குள் இருந்தால் காற்றில் கலந்து போய்விடும். வண்டிக்குள் இருந்தால் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே வைக்கும் பேட்டரி பெரும்பாலும் ஏ.ஜி.எம். வகை. அதில் ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், சாய்ந்தாலும் சிந்தாது, சாதாரணமாக வாயுவும் வெளியே விடாது. ஆனால் டைனமோவின் ரெகுலேட்டர் கெட்டு ஓவர்சார்ஜ் ஆனால் அதுவும் விடும். அதனால் எந்த வகையானாலும் குழாய் செருகியிருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் பேட்டரி உள்ள வண்டியில் விலை குறைவு என்று தண்ணீர் ஊற்றுகிற சாதாரண பேட்டரியை வைக்கவே வைக்காதீர்கள்.

அப்படியானால் தண்ணீருக்கு எது தாங்கும்? ஓடும் தண்ணீரைக் கடப்பதும் தேங்கிய தண்ணீரில் நிற்பதும் வேறு வேறு. தார் 650 மில்லிமீட்டர், கூர்க்கா 700 மில்லிமீட்டர் வரை கடக்கும் என்கிறார்கள். மெதுவாக உள்ளே போய் மெதுவாக வெளியே வருவதற்கு உள்ள அளவு அது. பானட்டுக்குள் தண்ணீர் ஏறினாலும் கீழே எல்லாம் திறந்திருப்பதால், தண்ணீர் இறங்கும்போது தானே வடிந்துவிடும். வண்டித் தரை அப்படி இல்லை. தொட்டி மாதிரி. ஒருமுறை உள்ளே வந்த தண்ணீர், நீங்கள் அடைப்பானைக் கழற்றிவிடும்வரை போகாது. சீட்டுக்கு அடியில் உள்ள பேட்டரிக் குழி அந்தத் தொட்டியிலும் ஆழமான இடம். ஃபெஞ்சலுக்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி உங்கள் கடலூர்ப் பக்க ஊர்களில் ஏறியதே, அப்படி ஒரு இரவு முழுக்க நின்றால் பானட்டுக்குள் இருக்கும் பேட்டரிதான் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது வண்டிக்கு வருவோம். ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன பேட்டரி, சிக்னலில் இன்ஜின் தானாக நின்று தானாக எடுக்கும் வசதிக்காக வைத்தது. 2018-ல் வந்த ஜே.எல். தலைமுறை ராங்ளரில் பல வண்டிகளுக்கு இப்படி இரண்டு உண்டு. பெரியது பானட்டுக்குள் எளிதாகக் கை எட்டும். சின்னது அதற்கு முன்னால் ஃபியூஸ் பாக்ஸுக்கு அடியில் பதுங்கியிருக்கும். கீழிருந்து எடுக்க முன் சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் லைனரின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நம் வெயிலில் காய்ந்த அந்தப் பிளாஸ்டிக் கிளிப் பாதிக்குப் பாதி உடையும். புது கிளிப் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். மேலிருந்து எடுப்பவர்கள் ஃபியூஸ் பாக்ஸையே கழற்றித் தூக்குவார்கள்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது: வண்டி நிற்கும்போது இரண்டு பேட்டரியும் சேர்ந்தே இணைந்திருக்கும். சின்னது செத்தால் பெரியதன் சார்ஜையும் இழுத்துக் கீழே தள்ளும். பெரியதை மட்டும் புதிதாக மாற்றிவிட்டு, "புது பேட்டரியே நிற்க மாட்டேன் என்கிறது" என்று வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே சரி.

அடுத்தது உப்பு. மலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இல்லாத கஷ்டம் நமக்கு இருக்கிறது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் என்று கடலோரம் நிற்கிற வண்டியில் பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் எர்த் கேபிள் போய்விடும். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் பின்னல் பட்டையைச் சொல்கிறேன். வெளியே பார்த்தால் நன்றாகவே இருக்கும்; கேபிள் நுனியில் போல்ட் மாட்டும் லக்குக்குள் செம்பு பொடிப்பொடியாகியிருக்கும். நான் செய்வது: மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, வேறு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வேன். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. இந்தச் சோதனையில் எத்தனையோ நல்ல பேட்டரிகள் குப்பைக்குப் போகாமல் தப்பித்திருக்கின்றன. பேட்டரி பின்னால் இருக்கும் வண்டியில் பாடியே எர்த் கேபிளாக வேலை செய்வதால் இதை வருடம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன் பார்த்துவிடுங்கள். கடல் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்ததும் முனைகளில் வாசலின் தடவுங்கள்.

அதிர்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோப்புப் பாதையில் வேர் மேலும் வரப்பு மேலும் ஏறி இறங்கும்போது, பேட்டரியைப் பிடிக்கும் கிளாம்ப் ஒரு நூல் தளர்ந்திருந்தாலும் உள்ளே தகடுகள் உதிரும். உதிர்ந்த பொடி அடியில் சேர்ந்து செல் ஷார்ட் ஆகும். வாங்கி ஒரு வருடத்துக்குள் திடீரென்று செத்துப்போகும் பேட்டரி என்றால் நான் முதலில் கிளாம்ப்பைத்தான் ஆட்டிப் பார்ப்பேன்.

இடத்தை மாற்றலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் தம்பி. கம்பெனி கணக்குப் போட்டு வைத்த கேபிள் தடிமன், ஃபியூஸ், வாயுக் குழாய், மோதல் பாதுகாப்பு எல்லாம் அந்த இடத்துக்கானவை. பேட்டரியை நகர்த்தாமல் கை எட்டும் வழியை நகர்த்துங்கள். அதாவது பானட்டுக்குள் ஜம்பர் முனை இல்லாத வண்டி என்றால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, தடித்த கேபிள் ஒன்றை நல்ல உறையோடு இழுத்து, மூடி போட்ட ஒரு ப்ளஸ் முனையைப் பானட்டுக்குள் கொண்டுவரலாம். வெல்டிங் கேபிளை அப்படியே இழுத்து பாடி ஓட்டை வழியாக விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டையின் விளிம்பு உறையை அறுத்து ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடிக்கும். ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) போடாமல் எந்த ஓட்டையிலும் கேபிள் போகக் கூடாது.

வின்ச் (சேற்றில் சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் மோட்டார்) மாட்டும் ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள். முழுப் பாரத்தில் வின்ச் 400 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதன் ப்ளஸ் நேராக பேட்டரிக்குப் போகட்டும். மைனஸை மட்டும் பேட்டரி முனை மேல் இருக்கும் சென்ஸாரைத் தாண்டி, பாடி எர்த் பக்கம் கொடுங்கள். ஏனென்றால் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று அந்தச் சென்ஸார் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதைத் தவிர்த்து மாட்டினால் கணக்கு தப்பி, சார்ஜ் சரியாக ஏறாது. கூடுதல் பேட்டரி வைப்பவர்கள் புதிய வண்டிகளில் வெறும் ரிலே (தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டால் போதாது. இன்றைய டைனமோக்கள் டீசல் மிச்சப்படுத்த வோல்ட்டேஜைக் குறைத்துவிடும். இரண்டாவது பேட்டரி எப்போதும் அரை வயிற்றோடு கிடக்கும். டி.சி.யிலிருந்து டி.சி. சார்ஜர் ஒன்று நடுவில் வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் பானட்டுச் சூட்டில் வைக்காதீர்கள், பின்னால் வையுங்கள்.

மின்சார வண்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே பெரிய பேட்டரி தரைக்கு அடியில்தான், அதில் நாம் கை வைக்க எதுவும் இல்லை. மெர்சிடிஸ் ஜி 580-ல் 116 கிலோவாட் மணி பேட்டரியைச் சட்டத்துக்குள்ளேயே பதித்து, அடியில் 26 மில்லிமீட்டர் தடிமனில் கார்பன் கலந்த தகடு போட்டிருக்கிறார்கள். 850 மில்லிமீட்டர் தண்ணீர் கடக்கும். இன்ஜின் வைத்த ஜி வண்டியைவிட அதிகம். ஐ.பி. 67 என்று எழுதியிருந்தால், 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்தது என்று பொருள். அடியில் கல் இடித்து நெளிந்த பெட்டிக்கு அந்த உறுதி பொருந்தாது. இந்த வண்டிகளிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால், கீழே எவ்வளவு சார்ஜ் இருந்தாலும் வண்டி கண் விழிக்காது. ஆகவே அதற்கும் கை எட்டும் வழியைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொட வேண்டாம்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சாவியை எடுத்த பிறகு கொஞ்ச நேரம் விட்டு, யூனிட்டுகள் தூங்கிய பிறகு கழற்றுங்கள். கைச் சங்கிலி, மோதிரம் கழற்றி வைத்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? நீங்கள் சொன்ன உபயோகத்துக்கு என் கை பானட்டுக்குள் பேட்டரி உள்ள வண்டியைத்தான் காட்டும். இரண்டு பேட்டரி வண்டி பிடித்திருந்தால், இரண்டும் எப்போது மாற்றியது என்று பில்லைக் கேட்டுவிட்டு வாங்கலாம். சீட்டுக்கு அடியில் உள்ளதை வாங்கினால், நல்ல நாளில் வீட்டு வாசலில் வைத்து ஒருமுறை நீங்களே பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அதற்கு வேண்டிய ஸ்பானர்களைப் பையில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். டிக்கிக்குள் மட்டும் வைக்க வேண்டாம், கரண்ட் இல்லாவிட்டால் டிக்கி திறக்காத வண்டிகள் இருக்கின்றன.

விற்பவரிடம் சீட்டை முன்னால் தள்ளி பேட்டரி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் நீங்களே கேட்டுத் திறந்து பாருங்கள். டார்ச் அடித்து, வாயுக் குழாய் செருகியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் குழியின் மூலைகளைப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்குப் புது கார்ப்பெட் போடுவார்கள், சென்ட் அடிப்பார்கள், ஆனால் பேட்டரியைத் தூக்கி அந்தக் குழியைத் தேய்த்துக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. வண்டல் காய்ந்து விரல் தடிமனில் ஒரு கோடு தெரிந்தால், அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.